நடவு லீவு

அத்தியாயம் 14

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று எவனோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அந்தப் புதன்கிழமை அவன் கையில் கிடைத்திருந்தால் அனுப்ரியா அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

அவளுடைய நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது, கம்பெனியின் கம்ப்யூட்டர் பேக்கேஜும் பிப்ரவரி முதல் தேதி ஓட ஆரம்பித்துவிட்டது என்று போன வாரம் எல்லோரும் பெருமூச்சு விட்டோமில்லையா? அந்தப் பெருமூச்சு பத்து நாள் தாங்கியது. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டில் இருக்கிற அந்த ஷூ கம்பெனியில் முந்நூற்று நாற்பது பேர். முக்கால்வாசி பெண்கள். அவர்களுடைய இ.எஸ்.ஐ., பி.எஃப்., லீவு, பிரசவ விடுப்பு, குடும்ப விவரம் எல்லாம் பதினான்கு வருஷமாக நோட்டில் இருந்தது. நோட்டை எழுதியவர் டைம்கீப்பர் எத்திராஜ், அனுப்ரியாவின் அப்பா. அதையெல்லாம் பேக்கேஜுக்குள் ஏற்றுகிறவன் மெட்ராஸ்காரன் ஸ்ரீராம்குமார். வேலை விஷயமாக வந்தவனைப் பார்த்து, பிடித்துப்போய், வீட்டுக்கு அழைத்துவந்து காபி கொடுத்து, மகளுக்காக ஜாதகம் வாங்கியதும் எத்திராஜ்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஆபீஸ் கிளார்க்காக அனுப்ரியா.

காலை எட்டே முக்காலுக்கு அவள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் புஷ்பா உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. புடவை மூன்று நாள் பழசு. ஸ்டிச்சிங் செக்‌ஷனில் ஏழு வருஷமாக மிஷின் ஓட்டுகிறவள். சாலவாக்கத்துக்கு வெளியே, ஏரிக்கரையோரத்து இருபது குடிசைகளிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான்.

"இன்னா புஷ்பா, ஷிஃப்டுக்குப் போகல?"

"எங்க வூட்டுக்காரு சவுக்கு லோடு ஏத்தக்கொள்ள லாரி மேலேந்து வுழுந்துட்டாரு அனும்மா. ஞாயித்துக்கெழம. தொட எலும்பு ரெண்டாப் பூட்ச்சி. மெட்ராஸ்ல இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரில கீறாரு."

பொன்னனை அனுப்ரியாவுக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலமானால் சைக்கிளோடு வந்து கேட்டில் நிற்பான். புஷ்பா வெளியே வருகிற வரைக்கும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்க மாட்டான்.

"நாளிக்குக் காத்தால ஆபரேசன். பிளேட்டு வெக்கணுமாம். நான் இன்னும் வேலைல கீறேன்னு கம்பெனிலேந்து ஒரு சீட்டு சீல் போட்டு வாங்கியாரச் சொன்னாங்க. சாய்ந்தரம் அஞ்சுக்குள்ள குடுத்தா நாளிக்கு லிஸ்டுல பேரு. இல்லாங்காட்டி இன்னும் பதினஞ்சு நாளு ஆவுமாம். அதுக்குள்ள எலும்பு கோணலா ஒட்டிக்கினா அப்பறம் நொண்டிதான்னுட்டாரு டாக்டரு. லோடு ஏத்தற ஆளு. கால் இல்லன்னா இன்னா பண்ணுவாரு?"

"இவ்ளோதானே. பத்து நிமிஷத்துல தரேன், வா."

பத்து நிமிஷம் என்று வாயைக் கொடுத்தது அவள் தப்பு.

கம்பெனியில் புஷ்பாவின் டிக்கெட் நம்பர் 217. தட்டினாள். புஷ்பா, கணவர் பொன்னன், பிள்ளைகள் சௌமியா, அஜய். எல்லாம் சரியாக வந்தது. கீழே சிவப்பில் ஒரு வரி: வேலையை விட்டு விலகியவர், ஜனவரி 31 முதல் எல்லாப் பலன்களும் நிறுத்தம். சான்று அச்சடிக்கிற பட்டன் மங்கிக் கிடந்தது. அமுக்கினால் அமுங்கவில்லை.

"இன்னா அனும்மா, செவப்பா கீது?"

"இரு."

மறுபடி தட்டினாள். அதே சிவப்பு. போன சனிக்கிழமை வரைக்கும் இந்தக் கட்டடத்துக்குள் மிஷின் ஓட்டியவளை, பத்து நாளைக்கு முன்னாலேயே விட்டுப் போனவள் என்கிறது கம்ப்யூட்டர். அனுப்ரியா விலகியவர்கள் பட்டியலை வரவழைத்துப் பார்த்தாள். ஒருத்தி இரண்டு பேர் இல்லை. கனகா, சுலோச்சனா, ராணியம்மாள், முனியம்மாள் என்று போய்க்கொண்டே இருந்தது. மொத்தம் அறுபத்தொரு பேர். எல்லோரும் சாலவாக்கம் பக்கம். எல்லோருக்கும் ஒரே தேதி.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

நடவு லீவு என்று ஒன்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. கம்பெனி வந்த முதல் வருஷம், தை மாதம் ஏரித்தண்ணீர் திறந்ததும் அந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்லாமல் கொள்ளாமல் நாற்று நடப் போய்விட்டார்கள். மிஷின்கள் பாதி காலி. போகாமலும் முடியாது. நடவுக்கு ஆள் அனுப்பாத வீட்டை அறுப்புக்கும் கூப்பிட மாட்டார்கள். ஆட்டுக்குப் புல் அறுக்க வரப்பில் கால் வைக்கவும் விட மாட்டார்கள். அப்போதிருந்த மேனேஜர் ஒரு வாரம் கத்திப் பார்த்துவிட்டு, "போய்த் தொலையுங்க, சம்பளம் கிடையாது, டிக்கெட் நம்பர் அப்படியே இருக்கும்" என்றார். எழுத்தில் ஒரு வரி கொடுக்கவில்லை. எத்திராஜ் மட்டும் மஸ்டரில், அந்த வருகை நோட்டில், அந்த நாட்களுக்குப் பச்சை மையில் ‘ந’ என்று போட ஆரம்பித்தார். பதினான்கு தை மாதமாக அப்படித்தான் நடந்து வருகிறது. இந்த வருஷமும் காணும் பொங்கல் முடிந்து போனவர்கள், பிப்ரவரி இரண்டாம் தேதி ஒழுங்காகத் திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பேக்கேஜுக்குப் பச்சை மையும் தெரியாது, நடவும் தெரியாது. வந்தார் என்று குறி இல்லையா, வரவில்லை. தொடர்ந்து பத்து நாள் வரவில்லையா, வேலையை விட்டவர். வேலையை விட்டவருக்கு எதுவும் கிடையாது. அவ்வளவுதான் அதன் அறிவு. அந்த அறிவைக் கொடுத்தவன் கான்ஃபரன்ஸ் ரூமில் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நடுவில் கரண்ட் போய் வந்ததில் மணி பதினொன்றாகிவிட்டது. உத்திரமேரூரில் பன்னிரண்டரைக்கு மெட்ராஸ் பஸ். அதை விட்டால் ஐந்துக்குள் போய்ச் சேர முடியாது.

வெள்ளிக்கிழமை எம்.டி. வருகிறார். அவருக்குக் காட்டுவதற்காக ஸ்ரீராம்குமார் திரையில் கலர் கலராகக் கட்டம் கட்டிக்கொண்டிருந்தான்.

"அறுபத்தொரு பேரை விலகினவங்கன்னு காட்டுது" என்றாள்.

"டேட்டா அப்படி இருந்தா அப்படித்தான் காட்டும்" என்றான், திரும்பாமலே.

"அவங்க எல்லாரும் உள்ளே வேலை செஞ்சிக்கினு இருக்காங்க. நடவு லீவு அது. நான் உங்களுக்குச் சொன்னேன். பொங்கலுக்கு முன்னாடி, காஞ்சிபுரம் பஸ்ல. பச்சையில ‘ந’ன்னு இருக்கும், கேட்டு எழுதிக்கோங்கன்னு சொன்னேன்."

இப்போது திரும்பினான். "சொன்னே. நானும் மாமாகிட்ட கேட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மஸ்டர்ல என்னென்ன குறி போடுவீங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டு எழுதினேன். வந்தது, வராதது, அரை நாள், லீவு, இ.எஸ்.ஐ., அஞ்சுதான்னார். ‘ந’ன்னு ஒண்ணு இருக்காமேன்னேன். அதெல்லாம் இல்லைன்னுட்டார். டைம்கீப்பரே இல்லைங்கிறப்ப நான் என்ன பண்றது?"

"நான் சொன்னதை விட அவர் சொல்லாதது பெருசாப் போச்சா?"

மேஜைமேல் அவன் கம்பெனியின் நீலப் புத்தகம் கிடந்தது. பணியாளர் நலத்திட்டங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றச் சில நடைமுறை யோசனைகள். எழுதியவன் அவன்தான். மாப்பிள்ளை எழுதியதாயிற்றே என்று நிச்சயம் முடிந்த வாரத்தில் அவள் அதை இரண்டு தடவை படித்திருந்தாள். இப்போது எடுத்துப் பிரித்தாள்.

"உங்க புத்தகத்துலேந்தே படிக்கிறேன், கேளுங்க. பழைய நோட்டையும் புது முறையையும் ரெண்டு மாசமாவது சேர்த்து நடத்தணும், ரெண்டும் ஒத்துப்போன அப்புறம்தான் பழசை நிறுத்தணும்னு எழுதியிருக்கீங்க. நீங்க எத்தனை நாள் நடத்தினீங்க?"

"எம்.டி. பிப்ரவரியிலயே வேணும்னார் அனு."

"ஒரு நாள்கூட நடத்தல. நோட்டை எழுதறவர்கிட்ட மட்டும் கேட்காதீங்க, அதுல பேர் இருக்கிறவங்க பத்துப் பேரையாவது உட்கார வச்சு கேளுங்கன்னு இருக்கு. உள்ளே போய் யார்கிட்ட கேட்டீங்க? கனகாகிட்ட கேட்டிருந்தா ஒரே வார்த்தையில சொல்லியிருப்பா. சிக்கலான ஆளுங்களை முதல்ல ஏத்திப் பாருங்கன்னு இருக்கு. நீங்க முதல்ல ஏத்தினது ஆபீஸ் ஸ்டாஃப் பன்னண்டு பேரை. நாங்க யாராவது நடவுக்குப் போறோமா?" பக்கத்தைத் திருப்பினாள். "எந்தப் பலனையும் கம்ப்யூட்டர் தானா நிறுத்த விடக்கூடாது, ஒரு ஆள் பார்த்து ஒப்புக்கணும்னு எழுதின கைதானே அந்தப் பத்து நாள் விதியையும் போட்டது?"

அவன் முகம் சிவந்துவிட்டது.

"ஆள் பார்த்தாங்க. மொத்தத்தையும் பிரின்ட் எடுத்துச் சரிபார்க்கக் கொடுத்தேன். இந்த அறுபத்தொரு பேர் லிஸ்ட்டும் அதுலதான் இருந்தது. கடைசிப் பக்கத்துல யார் கையெழுத்துன்னு பாரு."

அவள் பார்க்கத் தேவையில்லை. போன புதன்கிழமை சாயங்காலம். அவனுடைய அப்பா அம்மா முகூர்த்தப் புடவை விஷயமாக வீட்டுக்கு வருகிறார்கள். அனுப்ரியாவின் அம்மா ஞானசுந்தரி ஆபீசுக்கு மூன்று தடவை போன் செய்துவிட்டாள். "அவுங்க வர்ற நேரத்துக்கு நீ வூட்ல இல்லன்னா இன்னா நெனச்சிக்குவாங்க?" ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிரின்ட் தாள்களில் பாதியை வரி வரியாகப் படித்தவள், மீதியைப் புரட்டக்கூட இல்லாமல் கடைசித் தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். வந்தவர்களுக்கு வாழைக்காய் பஜ்ஜி போட்டார்கள். அவள் நாலு தின்றாள்.

இவன்மேல் வந்த கோபம் பெரிதா, தன்மேல் வந்தது பெரிதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சரி. நான் போட்டதுதான். இப்ப மாத்தணும்."

"நீ மட்டும் மாத்த முடியாது. விலகினவரைத் திரும்பச் சேர்க்க ரெண்டு பேர் வேணும். நீ மாத்தினா, டைம்கீப்பர் அவரோட பாஸ்வேர்டைப் போட்டு ஒப்புதல் கொடுக்கணும். பாதுகாப்புக்காக வச்சிருக்கோம்."

"வெளியே தள்ள ஒருத்தரும் வேண்டாம், உள்ளே சேர்க்க ரெண்டு பேர். நல்ல பாதுகாப்பு."

புத்தகத்தை அவன் மடியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். புஷ்பா வராந்தாவிலேயே நின்றிருந்தாள். பின்னாலேயே வந்தாள்.

டைம் ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. எத்திராஜ் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மஸ்டருக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பேக்கேஜ் வந்த பிறகு அந்த மஸ்டரை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் கோடு போடுவதை அவர் விடவில்லை.

"நைனா, அவர் கேட்டப்ப ‘ந’ கிடையாதுன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் நிதானமாகப் பேனாவை மூடினார். "எழுத்துல இல்லாத லீவு. நான் பாட்டுக்குப் பதினாலு வருசமாப் போட்டுக்கினு வரேன். அந்த மேனேஜர் போயி மூணு பேர் மாறியாச்சி. பர்சனல் மேனேஜர் வேதகிரிக்குத் தெரிஞ்சா, யார் பர்மிசன்ல போட்டேன்னு என் கழுத்தைத்தான் புடிப்பான். வர்ற மே மாசம் நான் ரிடையர். சித்திரையில உனுக்குக் கல்யாணம். இப்பப் போயி நானே எடுத்துக் குடுத்து மாட்டிக்கச் சொல்றியா?"

"அந்தப் பயம் மட்டும்தானா?"

எத்திராஜ் மகளைப் பார்த்தார். பொய் சொல்லத்தான் நினைத்திருப்பார். ஆனால் அவருக்கும் உள்ளே ஒன்று பல நாளாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"உன் மாப்பிள்ள இன்னா சொன்னான் தெரியுமா? ஒரு மணி நேரம் கேட்டு எல்லாத்தையும் எழுதிக்கினான். எழுந்து போவக்கொள்ள, ‘இனிமே இந்த நோட்டெல்லாம் வேணாம் மாமா, எடைக்குப் போட்ரலாம்’னான். சிரிச்சிக்கினே சொன்னான். எடைக்கு. ஒவ்வொரு பேரும் நான் எழுதுனது. அத்தினியும் தெரிஞ்சவன்தானே நீ, இதையும் நீயே கண்டுபுடின்னு வுட்டுட்டேன்."

"அப்ப வேணும்னேதான்."

"எம்.டி. முன்னாடி அவன் முழிக்கட்டும்னு நெனச்சேன். ஆளுங்க தலைல வந்து விடியும்னு நெனைக்கல பாப்பா."

"நெனைக்கலன்னா ஆச்சா? ரெண்டு ஆம்பளைங்களுக்கு வந்த ரோசத்துக்கு அறுபத்தொரு பொம்பளைங்க தெருவுல நிக்கறாங்க."

இத்தனை வருஷத்தில் அப்பாவிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. எத்திராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "வாய அடக்கு. யார் கிட்ட பேசற நீ?" அவர் குரல் கேட்டுக்கு வெளியே கேட்டிருக்கும்.

வாசற்படியிலிருந்து புஷ்பா கூப்பிட்டாள். "டைம்கீப்பர் ஐயா."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"உங்க வூட்டுச் சண்டைய அப்பால வெச்சிக்கங்க. எனுக்குப் பன்னண்டரை பஸ்ஸு." அவள் குரல் எழும்பவில்லை. "இந்த வருசம் நடவுக்கு வரலன்னு நான் சொன்னேன். கம்பெனிய வுட்டுப் போனா இன்னா ஆவுமோன்னு பயமா கீதுன்னு உங்களாண்டதான் வந்து சொன்னேன். நீங்க இன்னா சொன்னீங்க? ‘போய்ட்டு வா புஷ்பா, நான் பாத்துக்கறேன்’னு சொன்னீங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் போனேன். இப்பப் பாத்துக்கங்க."

எத்திராஜ் மஸ்டரின் அட்டையைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். ஸ்ரீராம்குமார் எழுதிக் கொடுத்த பாஸ்வேர்ட். இதுவரை பிரித்ததே இல்லை.

அனுப்ரியாவின் மேஜையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். இரண்டு தடவை தப்பாகப் போனது. அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவை திறந்துகொண்டது.

"புஷ்பாவுக்கு மட்டும்தான்" என்றார்.

"அறுபத்தொரு பேருக்கும் போடுங்க நைனா."

"ஒண்ணு மாறினா எவன் கண்ணுலயும் படாது. அறுபத்தொண்ணு மாறினா வேதகிரி கேப்பான். ஒருத்திக்குப் போடறேன். வேணுமா, வேணாமா?"

மணி பதினொன்று ஐம்பது. புஷ்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போடுங்க" என்றாள் அனுப்ரியா.

காரணம் என்று கேட்ட இடத்தில் எத்திராஜ் ‘விடுப்பு’ என்று மட்டும் அடித்தார். சிவப்பு வரி மறைந்தது. பிரின்டர் கறகறவென்று சான்றைத் துப்பியது. பர்சனல் மேனேஜர் வேதகிரி போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, "கம்ப்யூட்டர்லேந்து வந்ததா? சரி" என்று கையெழுத்துப் போட்டு சீலை அமுக்கினார். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

"பைக்கை எடுங்க" என்றாள் ஸ்ரீராம்குமாரிடம் போய். "இவங்களை பஸ் ஸ்டாண்ட்ல விடணும். இருபது நிமிஷம்தான் இருக்கு."

அவன் சாவியை எடுத்தான். பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பி வந்து, "பஸ் ஏறிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் டிபன் பாக்சைத் திறக்கவே இல்லை.

மூன்று மணிக்கு வேதகிரி கூப்பிட்டனுப்பினார். அவருக்கு எதிரே ஸ்ரீராம்குமார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். மேஜையில் அந்த லிஸ்ட்.

"உட்காருங்கம்மா" என்றார் வேதகிரி. ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். சிடுசிடு ஆசாமி, அவர் சிரிப்பதைப் பார்த்ததும் அவளுக்குப் பயமாகிவிட்டது. "காலையில அறுபத்தொண்ணு இருந்தது, இப்ப அறுபதுன்னு காட்டுது. ஒண்ணு போனாப் போகட்டும். இதெல்லாம் ஏழு வருஷம், பத்து வருஷம் சர்வீஸ் உள்ள ஆளுங்க. இவங்களை பெர்மனென்ட்டிலேந்து எடுக்க நாங்க நாலு வருஷமா தலைகீழா நின்னு பார்த்தோம். பேக்கேஜ் ஒரே நாள்ல முடிச்சிடுச்சு."

"சார், அது தப்பு. அவங்க யாரும் வேலையை விடல."

"ரெக்கார்ட் விட்டாங்கங்குது. நாளையிலேந்து வேலை வேணும்னா கான்ட்ராக்டர்கிட்ட புதுசா எழுதிக் கொடுத்துட்டு வரட்டும். யாரையும் வெளியே நிறுத்தப் போறதில்லை. அதே மிஷின்தான்."

"அதே மிஷின், ஆனா பிரசவ லீவு கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, போட்ட சர்வீஸ் கிடையாது. அப்படித்தானே சார்?"

வேதகிரி கடைசித் தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். "சரிபார்த்தது நீங்க."

"சரியாப் பார்க்கல. அதையும் எழுதித் தரேன்."

"தாராளமா. கவனக்குறைவுன்னு உங்களை சஸ்பெண்ட் பண்ணுவேன். லிஸ்ட் அப்படியே இருக்கும்." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "காலையில ஒருத்தியைச் சேர்த்ததுக்கு உங்கப்பா ஒப்புதல் கொடுத்திருக்கார். காரணம், விடுப்பு. யார் கொடுத்த விடுப்புன்னு நான் கேட்கலை. கேட்க வைக்காதீங்க. மே மாசம் மாலை போட்டு அனுப்பலாம்னு இருக்கோம். பழைய மஸ்டர் பூராவும் நாளைக்குக் காலையில லாரியில மெட்ராஸ் கொடவுனுக்குப் போகுது. கட்டி வைக்கச் சொல்லிட்டேன்."

அனுப்ரியா ஸ்ரீராம்குமாரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. அந்த விதி தப்புன்னு நீங்க சொல்லுங்க."

அவன் வேதகிரி பக்கம் திரும்பினான். "சார், லீவு வகை ஒண்ணு விட்டுப்போயிருக்கு. அதைச் சேர்த்துட்டு மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தா..."

"வெள்ளிக்கிழமை எம்.டி.கிட்ட பேக்கேஜ்ல தப்பு இருக்குன்னு சொல்லப் போறீங்களா?"

ஸ்ரீராம்குமார் தலையைக் குனிந்துகொண்டான். நிச்சயதார்த்தத்தன்று மணையில் உட்கார்ந்திருந்தபோதும் இப்படித்தான் குனிந்திருந்தான். அன்றைக்கு அதை அடக்கம் என்று நினைத்து அவள் சந்தோஷப்பட்டாள். இன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்தரைக்குச் சைரன் ஊதியது. அதற்குள் லிஸ்ட் நோட்டீஸ் போர்டுக்கு வந்துவிட்டது. டைம் ஆபீஸ் சுவரில்தான் போர்டு. பெண்கள் சாப்பாட்டுக் கூடைகளோடு மொய்த்துக்கொண்டார்கள். பத்தாவது வரைக்கும் படித்த கனகா சத்தமாகப் பெயர்களைப் படித்தாள்.

"எம் பேரு கீதா கனகா?" பின்னாலிருந்து ராணியம்மாள் கேட்டாள். படிக்கத் தெரியாதவள்.

"கீது."

"அப்பாடா. இன்னா தராங்களாம்?"

கனகா மேலே எழுதியிருந்ததைத் திரும்ப ஒரு தடவை மனசுக்குள் படித்தாள். பிறகு சொன்னாள். நாமெல்லாம் போன மாசமே வேலையை விட்டுட்டமாம். நாளைக்குக் கான்ட்ராக்டர்கிட்ட புதுசா எழுதிக்குடுக்கணுமாம். ஒரு நிமிஷம் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

கனகாவின் விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது. "சரிபார்த்தவர், எ. அனுப்ரியா. டைம்கீப்பர் பொண்ணு."

அனுப்ரியா ஆபீஸ் படியிறங்கி அங்கேதான் வந்துகொண்டிருந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அந்த வழி அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நீயா போட்ட?" என்றாள் கனகா.

"நான்தான் போட்டேன். படிக்காம போட்டேன்."

"புஷ்பாவும் எங்ககூடதான் நட்டா. அவ பேரு மட்டும் எப்பிடி இல்ல?"

"காத்தால எடுத்தேன்."

"ஒருத்திக்கு எடுக்கத் தெரிஞ்சவளுக்கு மீதிப் பேருக்கு எடுக்கத் தெரியலையா? நான் ஆறு மாசம் முழுகாம கீறேன். உனுக்குத் தெரியும். நீதான் பிரசவ லீவுக்குப் பாரம் எழுதின."

அனுப்ரியாவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையிலிருந்து உள்ளே எரிந்துகொண்டிருந்தது இப்போது ஒரு நிதானத்துக்கு வந்திருந்தது.

"தெரியும். நாளைக்கு ஒருத்தரும் எதையும் எழுதிக் குடுக்காதீங்க. எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து, கைநாட்டு எதுவும் வைக்காதீங்க. வச்சா அதோட சரி. நீங்க வேலையை விடலன்னு காட்ட ஒரே ஒரு சாட்சிதான் கீது. பதினாலு வருசத்து மஸ்டர். பச்சை மையில உங்க பேருக்கு நேரா எழுதி வெச்சிக்கீது. நாளைக்குக் காத்தால லாரியில போயிடும்."

"எங்க கீது அது?"

அனுப்ரியா டைம் ஆபீசைப் பார்த்தாள். அறுபது பேரும் பார்த்தார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. கதவும் சாத்தியிருந்தது.

அவள் போய்த் தட்டினாள். பெண்கள் பின்னாலேயே வந்து நின்றார்கள். உள்ளே நோட்டுகளை அடுக்கிச் சணல் கயிற்றால் கட்டுகிற சத்தம் கேட்டது.

"நைனா, கதவைத் தொறங்க."

சத்தம் நிற்கவில்லை.

"நைனா."

"வூட்டுக்குப் போ பாப்பா." குரல் மட்டும் வந்தது. "ஊரைக் கூட்டி வெச்சிக்கினு இன்னா இது? கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சி. எல்லாம் நாறிப் பூடும். போ."

ஸ்ரீராம்குமார் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் படியில் நின்றிருந்தான். அவனுக்கும் கேட்க வேண்டும் என்றுதான் அவள் குரலை உயர்த்தினாள்.

"பத்திரிகையை நிறுத்தச் சொல்லுங்க நைனா. நீங்க போட்ட ‘ந’வை நீங்களே வெளியில எடுத்தாந்து இவங்க முன்னாடி வைங்க. அப்பறம் கல்யாணம் பேசலாம். இப்ப கதவைத் தொறங்க."

உள்ளே கயிறு இழுபடுகிற சத்தம் நின்றது.